வட ஜெர்மனியின் பாரம்பரிய உணவகத்தில் சாப்பிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் உணவு என்றதும் பலருடைய மனத்தில் எழுவது தெற்கே உள்ள பவேரியாவின் சித்திரம்தான்: ஒரு லிட்டர் பீர் குவளை, பெரிய ப்ரெட்ஸல், வறுத்த பன்றிக்கால். வடக்கே, எல்பே ஆறு கடலைச் சேரும் பகுதியிலும், வட கடல், பால்டிக் கடல் ஆகிய இரண்டின் கரைகளிலும் சமையல் வேறு, மேசைப் பழக்கம் வேறு, பேசும் அளவும்கூட வேறு. ஹாம்பர்க், பிரேமன், லூபெக், கீல், ரோஸ்டாக் போன்ற நகரங்களுக்குப் படிக்கவும் வேலை செய்யவும் செல்கிறவர்களும், அவர்களைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும் உறவினரும், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடத்தில் ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட விரும்புவார்கள். அவர்களுக்கு எழக்கூடிய கேள்விகளுக்கான விடைகள் இவை.

வட ஜெர்மன் சமையல் என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. கடல், ஈர மேய்ச்சல் நிலம், நீண்ட குளிர்காலம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய சமையல் அது. பயிர்க்காலம் குறுகியது, ஆகவே கோடையில் கிடைத்ததைக் குளிர்காலத்துக்குக் காப்பாற்றி வைப்பதே அடுக்களையின் முதல் வேலையாக இருந்தது. மீனை உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தார்கள், இறைச்சியை உப்பிட்டுப் புகையில் தொங்கவிட்டார்கள், முட்டைக்கோஸைப் புளிக்கவைத்தார்கள், பழங்களை உலர்த்தினார்கள். கருவாடும் உப்புக்கண்டமும் வற்றலும் வடகமும் அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு விளங்காதது அல்ல. நம் ஊரில் வெயில் செய்த வேலையை அங்கே புகை செய்தது, அவ்வளவுதான்.

உப்புக்கு இந்தச் சமையலில் தனி வரலாறே உண்டு. லூனெபுர்க் நகரத்தில் எடுக்கப்பட்ட உப்பு இடைக்காலத்தில் லூபெக் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, இன்றைய ஸ்வீடனின் தென்கோடிக் கரையில் பிடிபட்ட ஹெர்ரிங் மீனைக் கெடாமல் காத்தது. இறைச்சி விலக்கப்பட்ட நோன்பு நாட்களில் ஐரோப்பாவின் பெரும்பகுதி அந்த உப்பு மீனைத்தான் உண்டது. ஹான்சா என்னும் வணிக நகரங்களின் கூட்டணிக்குச் செல்வம் சேர்த்த பொருள்களில் உப்பும் மீனும் முக்கியமானவை. இன்று ஓர் உணவகத்தில் உங்கள் தட்டில் வந்து விழும் ஊறவைத்த ஹெர்ரிங் அந்த வணிகத்தின் வழித்தோன்றல்.

உணவகத்தின் பலகையில் "குட்பூர்கர்லிஷெ கூஷெ" என்று எழுதியிருந்தால், பகட்டில்லாத, வயிறு நிறையும் வீட்டுச் சமையல் என்று பொருள்.

எந்த மாதத்தில் சென்றால் என்ன கிடைக்கும்?

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி இதுதான். வட ஜெர்மனியில் நல்ல உணவு என்பது பெரும்பாலும் பருவத்தைக் கேட்டு உண்பதாகும். ஆண்டு முழுவதும் மாறாத அச்சடித்த மெனுவோடு, "ஸைசோன்கார்ட்டெ" என்னும் பருவகாலத் தனிப் பட்டியலும் பல இடங்களில் இருக்கும். சில இடங்களில் வாசலில் உள்ள கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். முதலில் அதைப் படியுங்கள்.

வசந்தத்தில் வெள்ளை ஆஸ்பராகஸ் வருகிறது. மண்ணைக் குவித்து, வெளிச்சம் படாமல் வளர்ப்பதால் அது வெண்மையாக இருக்கிறது. கீழ் சாக்சனி மாநிலம் அதற்குப் பேர்பெற்றது. ஜூன் 24, புனித யோவான் நாளோடு அறுவடையை நிறுத்திவிடுவார்கள்; செடி அடுத்த ஆண்டுக்கு வலுச் சேர்க்க வேண்டும் என்பதே காரணம். மே மாதம் ஷோலே என்னும் தட்டை மீனுக்கும் உரியது; நம் கடற்கரையின் நாக்கு மீனைப் போல ஒருபக்கமாகப் படுத்து வாழும் மீன் அது. மே மாத இறுதியிலோ ஜூனிலோ புதிய மாட்யெஸ், அதாவது உப்பு நீரில் பதப்படுத்திய இளம் ஹெர்ரிங், வருகிறது. எல்பே கரையிலுள்ள க்ளுக்ஷ்டாட் என்னும் சிற்றூர் அதற்காகவே விழா எடுக்கிறது.

கோடை முடியும் வேளையில் "பிர்னென், போனென் உண்ட் ஷ்பெக்" என்ற உணவைத் தேடுங்கள். சிறிய, கெட்டியான சமையல் பேரிக்காய், பச்சை பீன்ஸ், புகையூட்டிய பன்றி இறைச்சி ஆகிய மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வேகவைப்பார்கள். பேரிக்காயும் பீன்ஸும் ஒன்றாகப் பக்குவத்துக்கு வரும் சில வாரங்களில்தான் அதற்கு உயிர்.

நவம்பர் முதல் குளிர்காலம் முடியும்வரை க்ரூன்கோல் காலம். சுருட்டை இலைகளுள்ள ஒருவகைக் கோஸ் அது. தலை கட்டாமல் கீரையைப் போல வளரும். குளிர் ஏற ஏற இலையில் சர்க்கரை மிகுவதால், முதல் உறைபனி விழுந்த பிறகே பறிக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் சேர்த்து நெடுநேரம் வேகவைத்து, உப்பிட்ட பன்றி இறைச்சியும் சாசேஜும் மேலே வைத்துப் பரிமாறுவார்கள். பிரேமன், ஓல்டன்புர்க் பகுதிகளில் ஓட்ஸ் குருணையும் கொழுப்பும் வெங்காயமும் அடைத்த பிங்கல் என்னும் சாசேஜ் இல்லாமல் அந்த உணவு நிறைவு பெறாது. ஹாம்பர்க்கிலும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலத்திலும் சர்க்கரைப் பாகில் வதக்கிய குட்டி உருளைக்கிழங்குகளை உடன் வைக்கிறார்கள்.

க்ரூன்கோல் காலத்தில் நண்பர்களும் அலுவலகத் தோழர்களும் ஒரு சிறிய இழுவண்டியில் பானங்களை ஏற்றிக்கொண்டு, குளிரில் வயல்வழியே பல கிலோமீட்டர் நடந்து, வழியெல்லாம் விளையாடி, இறுதியில் ஒரு கிராமத்து உணவகத்தில் க்ரூன்கோல் சாப்பிட்டு அந்த ஆண்டுக்கான "கோஸ் அரசரை"த் தேர்ந்தெடுப்பார்கள். இந்த நடைக்குக் கோல்ஃபார்ட் என்று பெயர். உங்களை யாராவது அழைத்தால் தயங்காமல் போங்கள். அளந்து பேசுகிறவர்கள் என்று பெயர் வாங்கிய மக்கள் அன்றைக்கு மனம்விட்டுப் பேசுவதைக் கேட்கலாம்.

லாப்ஸ்கௌஸ் என்பது என்ன? பார்க்க விநோதமாக இருக்கிறதே?

உப்பிட்ட மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் சேர்த்து மசித்து, பெரும்பாலும் பீட்ரூட்டும் கலந்து செய்யும் இளஞ்சிவப்புக் கூழ் அது. மேலே பொரித்த முட்டை, பக்கத்தில் காடியில் ஊறிய வெள்ளரிப்பிஞ்சு, பீட்ரூட், சுருட்டிய ஊறுகாய் ஹெர்ரிங்கான ரோல்மாப்ஸ் ஆகியவை இருக்கும். பாய்மரக் கப்பல்களில் மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்குப் பீப்பாயில் கெடாமல் கிடந்த உப்பு இறைச்சியைத் தின்னத் தக்கதாக்க வேண்டியிருந்தது. மசிப்பதும் கிழங்கு சேர்ப்பதும் அதற்கான வழிகள். வட கடலைச் சுற்றிய வேறு துறைமுகங்களிலும் இதன் உறவுகள் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து மக்களுக்கு "ஸ்கௌசர்" என்ற பெயர் வந்ததும் இதே சொல்லின் வழியாகத்தான்.

தோற்றத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். மசியலின் உப்பும், முட்டையின் மஞ்சளும், மீனின் புளிப்பும் ஒரே வாயில் சேரும்போதுதான் இந்த உணவு புரியும். தனித்தனியாகச் சாப்பிட்டால் புரியாது. பழைய சோற்றையும் ஊறுகாயையும் தனித்தனியே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு யாரும் கருத்துச் சொல்வதில்லை அல்லவா? பல உணவகங்கள் சிறிய அளவிலும் தருகின்றன. முதல் முறை அதைக் கேட்பதே நல்லது.

மீன் உணவுகளில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வட ஜெர்மனி மிக இணக்கமான இடம். முள்ளோடு முழு மீனைப் பொரித்துத் தருவதை விரும்புகிறவர்கள் ஃபின்கன்வெர்டர் ஷோலேயைக் கேட்கலாம். ஹாம்பர்க்கில் எல்பேயின் தென்கரையில் மீனவர் குடியிருப்பாக இருந்த ஃபின்கன்வெர்டரின் பெயரால் வழங்கும் அந்த உணவில், ஷோலே மீனை மாவில் புரட்டிப் பொரித்து, பொடியாக நறுக்கி வறுத்த பன்றிக் கொழுப்பிறைச்சியை மேலே தூவுவார்கள். அதே மீனை வெண்ணெயில் மட்டும் பொரித்துத் தரும்படியும் கேட்கலாம்.

பான்ஃபிஷ் என்பது பொரித்த மீன் துண்டுகள், வதக்கிய உருளைக்கிழங்கு, கடுகுச் சாஸ் ஆகியவை சேர்ந்தது. மிஞ்சிய மீனைக் கொண்டு செய்த எளிய உணவாகத் தொடங்கியது, இன்று நல்ல மீனைக் கொண்டே செய்கிறார்கள். நம் நாவுக்கு முதல் நாளே பிடித்துவிடக்கூடியது இதுதான் என்று நான் நம்புகிறேன், காரணம் அந்தக் கடுகு.

மாட்யெஸ் என்பது முட்டையிடும் பருவத்துக்கு முன் பிடித்த, கொழுப்பேறிய இளம் ஹெர்ரிங். நம் மத்தியின் உறவுக்கார மீன். குடலை எடுக்கும்போது கணையத்தை மட்டும் உள்ளே விட்டு, மிதமான உப்பு நீரில் வைப்பார்கள். கணையத்தின் நொதிகளே சதையைப் பதப்படுத்தி வெண்ணெய்போல மென்மையாக்குகின்றன. அடுப்பில் ஏறாத மீன்தான் அது. ஆனால் ஒட்டுண்ணிகள் அழியும்படி ஆழ்ந்து உறையவைத்த பிறகே விற்கிறார்கள். "ஹௌஸ்ஃப்ரௌவன்-ஆர்ட்", அதாவது "இல்லத்தரசி முறை" என்றால் ஆப்பிள், வெங்காயம், வெள்ளரிப்பிஞ்சு கலந்த புளித்த பாலாடையில் அது வரும்.

வட கடலின் சிறிய பழுப்பு இறாலை அங்கே க்ராபென் என்கிறார்கள். பிடித்த படகிலேயே கடல்நீரில் அவித்துவிடுகிறார்கள். ஓடு உரிக்கும் வேலை கையால் செய்யப்படுவது. அதன் பெரும்பகுதி மொராக்கோவுக்கு அனுப்பிச் செய்யப்படுகிறது. விலை மிகுதியாக இருப்பதற்குக் காரணம் புரிந்திருக்கும். கருப்பு ரொட்டியின்மேல் குவித்து, பொரித்த முட்டையோடு தருவார்கள். எலுமிச்சையை மிகையாகப் பிழியாதீர்கள். அந்த இறாலுக்கு இயல்பாகவே ஓர் இனிப்பு உண்டு.

காரமே இருக்காதா?

மிளகாய்க் காரம் இருக்காது. கடுகு, குதிரைமுள்ளங்கி, வெங்காயம், மிளகு ஆகியவற்றின் காரம் உண்டு. குதிரைமுள்ளங்கித் துருவல் மூக்கில் ஏறும் வேகம் நம்மவர்களையே வியக்கவைக்கும்.

ஆனால் இந்தச் சமையலின் தனித்தன்மை காரத்தில் இல்லை, இனிப்பும் புளிப்பும் உப்பும் ஒன்றையொன்று உடைப்பதில் இருக்கிறது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மக்கள் தங்கள் கீழ் ஜெர்மன் மொழியில் அதை "ப்ரோகென் ஸூட்", அதாவது "உடைந்த இனிப்பு" என்பார்கள். இறைச்சியோடு பேரிக்காய், கீரையோடு பாகில் வதக்கிய கிழங்கு, மீனோடு ஆப்பிள் என்று வருவதெல்லாம் அதன் வடிவங்கள். ஹாம்பர்க்கின் ஆல்ஸுப்பெ என்ற சூப்பில் பன்றித்தொடை எலும்பும் உலர்ந்த பிளம் பழங்களும் வினிகரும் ஒரே பாத்திரத்தில் சேரும். "ஆல்" என்றால் விலாங்கு மீன்; ஆனால் கீழ் ஜெர்மனில் "எல்லாம்" என்பதற்கான சொல்லும் ஏறக்குறைய அப்படியே ஒலிப்பதால், எல்லாவற்றையும் போட்ட சூப் என்பதுதான் முதற்பொருள் என்றும், ஏமாந்த விருந்தினருக்காகப் பின்னாளில் விலாங்கைச் சேர்த்தார்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். மாங்காய்ப் பச்சடியும் புளியிஞ்சியும் ரசிப்பவர்கள் இந்தச் சுவையை விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

ஹாம்பர்க்கின் பழைய வணிகர்களுக்கு "ஃபெஃபர்ஸெக்கெ", மிளகு மூட்டைகள், என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. நம் மேற்குக் கரையின் மிளகு அங்கே செல்வத்துக்கே மறுபெயராக இருந்தது. மேசையில் மிளகு அரைக்கும் குடுவை இருக்கும். கேட்டாலும் கொண்டுவந்து தருவார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு வாய் சுவைத்துப் பார்த்த பிறகு போடுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நகரங்களில் எந்த மெனுவிலும் இரண்டு மூன்று சைவ உணவுகளாவது இருக்கும். "வெகெட்டாரிஷ்" என்றோ இலைக்குறியோ போட்டிருப்பார்கள். இடர் இருப்பது சைவம்போல் தோன்றும் பக்கத் துணைகளில்தான். வதக்கிய உருளைக்கிழங்கான ப்ராட்கார்டோஃபெல்னில் ஷ்பெக் என்னும் பன்றிக் கொழுப்பிறைச்சித் துண்டுகள் கலந்திருப்பது மிகச் சாதாரணம். பச்சை பீன்ஸைச் சுற்றியும் அதுவே கட்டப்பட்டிருக்கும். சிவப்பு முட்டைக்கோஸை வாத்துக் கொழுப்பிலோ பன்றிக் கொழுப்பிலோ சமைத்திருக்கலாம். காய்கறி சூப்பின் அடிநீர் எலும்பு வேகவைத்த நீராக இருக்கலாம். க்ரூன்கோலும் பெயரளவில்தான் கீரை.

ஆகவே "சைவமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இஷ் எஸ்ஸெ கைன் ஃப்ளைஷ் உண்ட் கைனென் ஃபிஷ்" (நான் இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை) என்று தொடங்கி, "இஸ்ட் தா ஷ்பெக் த்ரின்?" (இதில் ஷ்பெக் இருக்கிறதா?) என்று குறிப்பாகக் கேளுங்கள். மீன் சாப்பிட்டுக்கொண்டே தம்மைச் சைவம் என்று சொல்கிறவர்களும் அங்கே இருப்பதால், மீனைத் தனியாகச் சொல்வது தேவையாகிறது. முட்டை சாப்பிடாதவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

நம்பிக் கேட்கக்கூடியவை சில உண்டு. பருவத்தில் வெள்ளை ஆஸ்பராகஸ், அவித்த உருளைக்கிழங்கு, உருக்கிய வெண்ணெய். உடன் வரும் ஹாமை, அதாவது பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சியை, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆப்பிள் கூழோடு வரும் உருளைக்கிழங்குத் துருவல் அடை, பெரும்பாலும் முட்டை சேர்த்தது. ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைனின் ஆங்கெல்ன் பகுதியில் இளம் காய்கறிகளைப் பாலில் வேகவைத்துச் செய்யும் ஷ்னூஷ் என்ற உணவு உண்டு. ஹாமோ ஹெர்ரிங்கோ தனித் தட்டில் வருவதால் அதை விலக்கிக் கேட்பது எளிது. அவித்த கேரட், பட்டாணி, கோல்ராபி ஆகியவற்றின் மணம் பாலில் இறங்கியிருக்கும் அந்த எளிய கிண்ணத்தை இறைச்சி உண்பவர்களும் ஒருமுறை சுவைக்க வேண்டும்.

மாட்டிறைச்சி அல்லது பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

லாப்ஸ்கௌஸில் மாட்டிறைச்சி உண்டு. ரூலாடெ என்பது கடுகும் வெள்ளரிப்பிஞ்சும் ஷ்பெக்கும் உள்ளே வைத்துச் சுருட்டிய மாட்டிறைச்சி. மாடு, பன்றி இரண்டில் எதைத் தவிர்ப்பவர்களுக்கும் ஆகாது. ஸவர்ஃப்ளைஷ் பன்றி இறைச்சியைக் காடியில் வேகவைத்து உறையவைத்தது. சாசேஜ் எதுவாயினும் பன்றி என்றே எண்ணிக்கொண்டு கேளுங்கள். லூனெபுர்க் புல்வெளிப் பகுதியில் ஹைட்ஷ்னூக்கெ என்னும் நாட்டு ஆட்டின் இறைச்சி கிடைக்கும். அது நல்ல மாற்று. ஹலால் முறையில் அறுத்த இறைச்சியைப் பாரம்பரிய உணவகங்களில் பொதுவாக எதிர்பார்க்க முடியாது என்பதால், அதைக் கடைப்பிடிப்பவர்களுக்கு மீனே வழி. ஷ்பெக் தூவலையும் சாஸில் சேரும் ஒயினையும் பற்றி மட்டும் விசாரிக்க வேண்டும்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 2014 டிசம்பர் முதல் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும். மெனுவில் உணவின் பெயரருகே சிறிதாக இருக்கும் எழுத்துகளும் எண்களும் அவற்றையும் சேர்க்கைப் பொருள்களையும் குறிப்பவை.

முன்பதிவு செய்ய வேண்டுமா? எத்தனை மணிக்குப் போகலாம்?

வெள்ளி, சனி மாலைகளுக்கும் ஞாயிறு மதியத்துக்கும் முன்பதிவு செய்யுங்கள். க்ரூன்கோல் காலத்திலும், வாத்து வறுவல் உண்ணும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் பல நாட்களுக்கு முன்பே செய்வது நல்லது. வர இயலாமல் போனால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

நேரத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். இரவு ஒன்பதரைக்குக் குடும்பத்தோடு போய் நின்றால், விளக்கு எரியும், மேசைகள் நிறைந்திருக்கும், ஆனால் அடுப்பு அணைந்திருக்கும். உணவகம் மூடும் நேரம் வேறு, சமையலறை மூடும் நேரம் வேறு. சிறிய ஊர்களில் மதியம் 12 முதல் 2 வரை, மாலை சுமார் 6 முதல் 9 வரை மட்டுமே சூடான உணவு என்பது வழக்கம். "டூர்ஷ்கேஹெண்ட் வார்மெ கூஷெ" என்று எழுதியிருந்தால் இடைவேளை இல்லை. "ரூஹெடாக்" என்பது வார ஓய்வுநாள். பல இடங்களில் அது திங்கள் அல்லது செவ்வாய்.

உள்ளே நுழைந்ததும் என்ன செய்ய வேண்டும்?

"மொய்ன்" என்று சொல்லுங்கள். காலை, மதியம், இரவு எந்த நேரத்துக்கும் அந்த ஒரு சொல் போதும். "மொய்ன் மொய்ன்" என்று இருமுறை சொல்வதையே வாயாடித்தனம் என்று சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு.

எளிய உணவகங்களில் காலியான மேசையில் நீங்களே உட்காரலாம். வாசலருகே காத்திருக்கும்படி பலகை இருந்தால் காத்திருங்கள். "ரெஸர்வியர்ட்" பலகை உள்ள மேசையை விட்டுவிடுங்கள். "ஷ்டாம்டிஷ்" என்று எழுதிய மேசை பல ஆண்டுகளாக அங்கே கூடும் வாடிக்கையாளர்களுடையது. காலியாக இருந்தாலும் அதில் அமரக் கூடாது. நீண்ட மேசையில் ஓரிடம் மட்டும் காலியாக இருந்தால், "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" என்று கேட்டுவிட்டு அந்நியர் பக்கத்தில் அமர்வது இயல்பான செயல். உட்காரும்போது ஒரு வணக்கம், எழும்போது ஒரு விடைபெறல்; இடையில் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. மேசைக்கடியில் ஒரு நாய் படுத்திருந்தாலும் வியப்படையாதீர்கள்.

பரிமாறுபவர் முகம் கொடுத்துப் பேசவில்லையே, நம்மைப் பிடிக்கவில்லையா?

பெரும்பாலும் அப்படி இல்லை. வட ஜெர்மானியர் முகமலர்ச்சியைத் தொழிலின் பகுதியாகக் கருதுவதில்லை. கேட்டதைச் சரியாக, சூடாக, நேரத்தில் கொண்டுவருவதே மரியாதை என்று நினைக்கிறார்கள். உங்களை அடிக்கடி வந்து விசாரிக்காததும் அந்த மரியாதையின் ஒரு பகுதிதான். நிம்மதியாகச் சாப்பிட விடுகிறார்கள். கையைத் தட்டியோ சொடுக்குப் போட்டோ கூப்பிடக் கூடாது. பார்வை சந்திக்கும்போது லேசாகக் கையை உயர்த்தினால் போதும். நிறத்தாலோ மொழியாலோ வேறுபாடு காட்டும் நடத்தை எங்கும் நிகழக்கூடியதே. அது தெளிவாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பொறுப்பாளரை அழைத்துச் சொல்லலாம். ஆனால் சொல் குறைவாக இருப்பதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

தண்ணீருக்குக் காசா?

ஆம். குடிநீர் கேட்டால் பாட்டில் நீர் வரும், அதற்கு விலை உண்டு. "ஷ்டில்" என்று சொல்லாவிட்டால் பெரும்பாலும் வாயு கலந்த நீரே வரும். "லைட்டுங்ஸ்வாஸ்ஸர்" என்று குழாய் நீரைக் கேட்கலாம். நீர் தூய்மையானது, ஆனால் தர வேண்டிய கட்டாயம் உணவகத்துக்கு இல்லை. வேறொரு பானத்தோடு சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பீரும் மற்ற மதுவும் எப்படி?

வடக்கின் பீர் கசப்பு மிகுந்தது. யேவர், ஃப்ளென்ஸ்புர்கர் ஆகியவை பேர்பெற்றவை. குவளையும் தெற்கைவிடச் சிறியது. பீரோடு எலுமிச்சைச் சோடா கலந்ததை இங்கே ஆல்ஸ்டர் என்பார்கள். கொழுப்பான உணவுக்குப் பின் சீரகத்தின் உறவான கேரவே விதை மணம் கொண்ட க்யோம் என்ற சாராயத்தைச் சிறு கிண்ணத்தில் குடிப்பது வழக்கம். குடிக்காதவர்கள் விளக்கம் தர வேண்டியதில்லை. ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லெ எங்கும் உண்டு. கிண்ணங்களைத் தொட்டு "ப்ரோஸ்ட்" சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். இதில் மட்டும் அவர்கள் கண்டிப்பானவர்கள்.

ஓர் எச்சரிக்கை: வட ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் ஃபரிஸேயர் என்ற காபி மெனுவில் இருக்கும். மேலே கெட்டியான பாலாடை, அடியில் ரம் கலந்த காபி. அங்குள்ள நோர்ட்ஷ்ட்ராண்டில் 19-ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு ஞானஸ்நான விருந்தில், மதுவைக் கண்டித்த பாதிரியாருக்குத் தெரியாமலிருக்க ரம்மின் மணத்தைப் பாலாடையால் மூடினார்கள் என்றும், உண்மை தெரிந்ததும் அவர் "பரிசேயர்களே!" (வெளிவேடக்காரர்களே) என்று வேத மொழியில் கண்டித்தார் என்றும் கதை. "டோட்டெ டான்ட்டெ" என்பது அதே முறையில் கோகோவும் ரம்மும் சேர்ந்தது. குழந்தைக்குக் கோகோ கேட்பவர்கள் பெயரைப் பார்த்துக் கேளுங்கள்.

கையால் சாப்பிடலாமா?

ரொட்டியையும், மீன் வைத்த பன்னான ஃபிஷ்ப்ரோட்ஷெனையும் கையால் சாப்பிடலாம். மற்றவை கத்தியும் முள்கரண்டியுமாகத்தான். இடக்கையில் முள்கரண்டி, வலக்கையில் கத்தி. இரண்டையும் தட்டில் இணையாகச் சாய்த்து வைத்தால் முடித்துவிட்டீர்கள் என்று பொருள். குறுக்காக வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று பொருள். பேச்சு சுவாரசியத்தில் இணையாக வைத்துவிட்டால், பாதி மீனோடு தட்டு போய்விடும். முழு மீனின் முள்ளை எடுக்கத் தெரியாவிட்டால், நீக்கித் தரும்படி கேட்கலாம். மிஞ்சியதைப் பொதி கட்டித் தரச் சொல்வதும் இன்று இயல்பாகிவிட்டது.

இனிப்புக்கு என்ன கேட்கலாம்?

ரோட்டெ க்ரூட்ஸெ. செந்நிற நெல்லிவகைப் பழங்கள், ராஸ்பெர்ரி, செர்ரி ஆகியவற்றைக் காய்ச்சி மாவால் கெட்டியாக்கிய குளிர்ந்த பழக்கூழ் அது. மேலே குளிர்ந்த பாலாடையோ வெனிலா சாஸோ ஊற்றுவார்கள். பழத்தின் புளிப்பைச் சர்க்கரை முழுதாக மறைக்காமல் இருந்தால் நல்ல கைப்பக்குவம் என்று அறியலாம்.

கட்டிடத்துக்காகவே போய்ப் பார்க்க வேண்டிய உணவகங்கள் உண்டா?

மூன்றைச் சொல்வேன். பிரேமன் நகரமன்றத்தின் கீழ்த்தளத்தில் உள்ள ராட்ஸ்கெல்லர் 1405 முதல் இருந்து வருகிறது. அதன் மதுக்கிடங்கில் 1653-ஆம் ஆண்டின் திராட்சை மது உள்ள பீப்பாய் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. லூபெக்கில் கப்பல் தலைவர்களின் சங்கக் கட்டிடமான ஷிஃபர்கெஸெல்ஷாஃப்ட் 1535-இல் எழுந்தது. கரும்பழுப்பு மர மேசைகளில் அமர்ந்து நிமிர்ந்தால், உத்தரத்திலிருந்து பழைய கப்பல் மாதிரிகள் தொங்குவதைக் காணலாம். ஒரே பயண வழியில் சென்றவர்கள் அந்த மேசைகளின் பெஞ்சுகளில் ஒன்றாக அமர்ந்தார்கள். ஹாம்பர்க்கில் புனித மிக்கேல் தேவாலயத்துக்கு எதிரே 1795-இல் தொடங்கிய ஓல்ட் கமர்ஷியல் ரூம் லாப்ஸ்கௌஸுக்குப் பேர்போனது. இவை சுற்றுலாப் பயணிகள் நிறையும் இடங்கள்தான். ஆனாலும் லூபெக்கின் அந்தக் கூடத்தில் ஒரு தட்டு மீனோடு அமர்ந்திருப்பதற்கு ஈடு வேறில்லை.

பணம் எப்படிக் கொடுப்பது? டிப்ஸ் எவ்வளவு?

"பெட்ஸாலென், பிட்டெ" என்றால் மேசைக்கே வருவார்கள். சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார்கள். நண்பர்கள் தனித்தனியாகக் கொடுப்பது அங்கே கஞ்சத்தனம் அல்ல. வரியும் சேவைக் கட்டணமும் விலையிலேயே அடங்கும். அதற்கு மேல் 5 முதல் 10 விழுக்காடு டிப்ஸ் தருவது வழக்கம். அதை மேசையில் விட்டுச் செல்வதில்லை. 46 யூரோ என்றால் "50" என்று சொல்லிக் கொடுப்பார்கள். மீதி வேண்டாமென்றால் "ஷ்டிம்ட் ஸோ". சிற்றூர்களில் அட்டை வாங்காத இடங்கள் இன்னும் இருப்பதால் ரொக்கம் வைத்திருங்கள்.

கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் தேநீர் குடிப்பதற்குத் தனி முறை உண்டாமே?

உண்டு, அதற்காகவே அந்தப் பகுதிக்குப் போகலாம். காபி குடிக்கும் நாட்டின் வடமேற்கு மூலையில், டச்சுக்காரர்கள் வழியாகத் தேநீர் வந்து சேர்ந்த ஒரு சிறு நிலப்பகுதி, உலகிலேயே தலைக்கு மிகுதியாகத் தேநீர் குடிக்கும் இடங்களில் ஒன்றாக ஆகியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருவர் சுமார் 300 லிட்டர் குடிக்கிறார். அவர்களுடைய கலவையின் முதுகெலும்பு அஸ்ஸாம் தேயிலை. 2016-இல் ஜெர்மன் யுனெஸ்கோ ஆணையம் இந்தத் தேநீர்ப் பண்பாட்டைத் தன் நாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மெல்லிய பீங்கான் கிண்ணத்தில் முதலில் ஒரு பெரிய கற்கண்டை வைக்கிறார்கள். அதன் பெயர் க்ளுன்ட்யே. சூடான, கடுமையான தேநீரை அதன்மேல் ஊற்றும்போது கற்கண்டு விரிந்து மெல்லச் சொடுக்கும். பேச்சை நிறுத்தி அந்த ஒலியைக் கேட்பார்கள். பிறகு பாலாடையைச் சிறு கரண்டியால் கிண்ணத்தின் ஓரமாக இறக்க, அது அடியில் சென்று மேகம்போல் மேலெழும். அதன்பின் கலக்கக் கூடாது. பாலை ஆற்றி ஆற்றிக் குடிக்கும் நமக்கு இது கடினம்தான், ஆனால் கலக்காமல் குடித்தால்தான் முதலில் பாலாடையின் மென்மையும், நடுவில் தேநீரின் கசப்பும், அடியில் கற்கண்டின் இனிப்பும் வரிசையாக வரும்.

மூன்று கிண்ணம் குடிப்பது ஃப்ரீஸ்லாந்துக்காரரின் உரிமை என்பார்கள். அதற்கு முன் நிறுத்துவது விருந்தோம்புபவருக்குக் குறை. கலக்கக் கூடாதென்றால் கரண்டி எதற்கு என்று தோன்றும். போதும் என்னும்போது அதைக் கிண்ணத்துக்குள் வைக்க வேண்டும். வைக்காதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.